காலை ஏழு மணி, ஒரு விருந்தாளி, ஒரு பழைய கார்: வேலூர் நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரில் ஒரு சமுதாய வானொலியில் வாரநாட்களில் காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்துகிறோம். தினமும் ஒரு விருந்தாளி வருவார், கொஞ்சம் சிரிப்பு இருக்கும், ஒரு பழைய கார் பேச்சுக்குள் வந்து நிற்கும். போனிலும் டீக்கடையிலும் காட்பாடி பஸ்ஸிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அவை நேயர்கள் அதிகம் கேட்டவை, எனக்கும் அதிகம் பிடித்தவை.

காலையில் பக்திப் பாட்டு போடலாம், ராசிபலன் சொல்லலாம். பழைய கார் எதற்கு?

காட்பாடி ஜங்ஷன் வாசலில் அம்பாசிடர் டாக்ஸிகள் வரிசையாக நின்ற காலத்தை நாற்பது வயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஹவுரா பக்கமிருந்து ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து, சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வரும் குடும்பம் இறங்கும். பாஷை தெரியாது. கையில் ஃபைல், எக்ஸ்ரே கவர், போர்த்திய நோயாளி. அவர்கள் ஏறும் அம்பாசிடர் மேற்கு வங்கத்தில், கொல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில் செய்த வண்டி. அவர்கள் ஊர்க் கார்தான் அவர்களை இங்கே ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஒரு டிரைவர் அண்ணன் எங்கள் நிகழ்ச்சியில் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்ச நேரம் அடுத்த கேள்வியே வரவில்லை. அந்த டிரைவர்கள் சவாரி ஏற்றி ஏற்றியே வங்காளம் கற்றுக்கொண்டவர்கள். “கோத்தாய் ஜாபேன்” (எங்கே போகணும்) என்று கேட்டால் வந்தவர் முகத்தில் பாதி பயம் போய்விடும் என்றார் அவர்.

இன்னும் பின்னால் போகலாம். சி.எம்.சி.யை நிறுவிய, ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று நோயாளிகளைப் பார்ப்பார். முதலில் மாட்டு வண்டியில் போனார், 1909 வாக்கில் ஒரு பெஜோ கார் வந்தது. இந்த ஊர் வைத்திய வரலாற்றில் ஒரு காருக்கு இடம் இருக்கிறது. அதனால்தான் எங்களுக்குக் கார் என்பது பணக்காரர் பொழுதுபோக்காகத் தெரியவில்லை. ஒரு வண்டியைப் பற்றிக் கேட்டால் அதில் ஏறியவர், ஓட்டியவர், அதற்கடியில் படுத்துச் சரிசெய்தவர் என்று மூன்று பேர் கதை வந்துவிடுகிறது.

ரேடியோவில் காரை எப்படிப் பார்ப்பது? டி.வி.யில் காட்ட வேண்டிய விஷயம் அல்லவா?

நாங்களும் முதலில் அப்படித்தான் தயங்கினோம். அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய பெட்ரோல் வண்டிகளில் கை தேர்ந்த ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். விருந்தாளியாக வரச் சம்மதித்தார். நாங்கள்தான் பரீட்சைக் காலம், மழை என்று இரண்டு முறை தள்ளிப்போட்டோம். அதற்குள் அவருடைய ஒர்க்‌ஷாப் இருந்த இடம் கைமாறிவிட்டது. அவர் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போனில் பிடித்தோம். “இன்ஜின எதிர்ல வச்சிக்கினு சொல்லணும்பா. போன்ல இன்னாத்த சொல்றது?” என்றார். அவர் சொன்னது நியாயம்.

மறுநாள் சத்துவாச்சாரியில் ஒருவர் வைத்திருக்கும் அம்பாசிடரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பானெட்டைத் திறந்து, ஃபேனிலிருந்து ஒரு முழம் தள்ளி மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம் பதிவு செய்தோம். அதை போனில் போட்டுக் காட்டினோம். பாய் பத்து விநாடிகூடக் கேட்டிருக்க மாட்டார். “டேப்பட் லூசு. ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சி. வண்டிக்காரர கேளு” என்றார். டேப்பட் என்பது எஞ்சின் வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். கேட்டோம். ஆயில் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் எங்கள் நிகழ்ச்சி உண்மையில் தொடங்கியது என்று நினைக்கிறேன். காதாலேயே வண்டியைப் பார்க்கிறவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இங்கே இருந்தார்கள். இப்போது வரும் வண்டிகளில் கம்ப்யூட்டரைச் செருகினால் கோளாறு எழுத்தில் வந்துவிடும், காது தேவைப்படாது. அந்தக் காதை வைத்திருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும். அதற்கு ரேடியோவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பாய் இப்போதும் ஓசூரிலிருந்து மாதம் ஒருமுறை போனில் வருகிறார். நேயர்கள் அனுப்பும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறு என்று சொல்கிறார். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றும் சொல்வார்.

விருந்தாளியாக யாரை அழைப்பீர்கள்? கார் வைத்திருந்தால்தான் வர முடியுமா?

கார் தேவையே இல்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தால் போதும். இதுவரை வந்தவர்களில் டிரைவர்கள், டிங்கர்கள், லேத் பட்டறைக்காரர்கள், ஓய்வுபெற்ற நர்ஸ்கள், போஸ்ட்மாஸ்டர், கல்யாண வண்டிக்குப் பூ ஜோடிப்பவர் எல்லாம் உண்டு. ஆம்பூர் பக்கமிருந்து தோல் தைக்கும் ஒரு அக்கா வந்தார். பழைய கார் சீட்டுக்கு எந்தத் தோல் தாங்கும், ரெக்சின் ஏன் வெயிலில் வெடிக்கும், தையல் எந்த இடத்தில் முதலில் பிரியும் என்று இருபது நிமிடம் பேசினார். ஷூ கம்பெனியில் வேலை செய்த கை அது. டிரைவர் சீட்டில் வலது தொடை உரசும் விளிம்பில்தான் தையல் முதலில் விடும், ஏறி இறங்கும்போது உடம்பு அங்கேதான் தேயும் என்றார். அதற்கப்புறம் எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் நான் அந்த விளிம்பைத்தான் பார்க்கிறேன்.

பெண்கள் கார் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஒரு நேயர் கேட்டார். அந்த அக்கா பேசிய நிகழ்ச்சியைத்தான் அதிகம் பேர் மறுபடி போடச் சொன்னார்கள்.

நிகழ்ச்சி நேரத்தில் போன் செய்யும்போதே உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். நாங்கள் திரும்பக் கூப்பிடுவோம்.

மைக் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிக் கொண்டுவந்து படிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். படிப்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, போனை அணைத்து வைப்பது, மேசையைத் தட்டாமல் இருப்பது, இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் போதும். யார் வந்தாலும் எங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: “நீங்க முதன்முதலா ஏறின கார் எது, யாரோட ஏறினீங்க?” இதற்குப் பதில் இல்லாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எண்பது வயதுப் பாட்டி ஒருவர், பிரசவ வலியோடு ஏறியதுதான் முதல் கார் என்றார். அவரை நிறுத்தத்தான் கஷ்டப்பட்டோம்.

நகைச்சுவைக்கு என்ன கணக்கு? சில நாள் சிரிப்பே வரவில்லையே?

உண்மைதான், சில நாள் வராது. வராத நாளில் சிரிப்புச் சத்தத்தை ஒட்டிச் சரிக்கட்ட மாட்டோம்.

எங்களுக்கு முன்னோடி தென்கச்சி கோ. சுவாமிநாதன். சென்னை வானொலியில் காலையில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்வார். குரல் ஏறாது, இறங்காது, அவர் சிரிக்கவும் மாட்டார். கடைசி வரியில் வீடே சிரிக்கும். அரக்கோணம் லோக்கலில் போகிறவர்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். 2009-இல் அவர் மறைந்தார். அவரைப் போலப் பேச நாங்கள் முயல்வதில்லை, அது யாருக்கும் வராது. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். சிரிப்பு நடந்ததிலிருந்து வர வேண்டும், ஒருவர் உடம்பிலிருந்தோ ஜாதியிலிருந்தோ மனைவியிலிருந்தோ வரக் கூடாது.

வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜோக் உண்டே: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அதிகாரம் இல்லாத போலீஸ் என்று ஊர் அதிசயங்களை அடுக்குவது. அதில் பெண்களைப் பற்றியும் ஒரு வரி வரும். அந்த வரியை நாங்கள் ஒலிபரப்புவதில்லை. ஒரு விருந்தாளி அதைச் சொன்னார், வெட்டினோம், காரணத்தையும் அவரிடம் சொன்னோம். அவரும் ஒத்துக்கொண்டார்.

மீதி வரிகளும் பழசாகிவிட்டன என்பதை நேயர்களே எடுத்துச் சொன்னார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்தாகிவிட்டது. சாமி வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஜோக்கில்தான் இன்னும் வரவில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியது. அன்று காலை நிகழ்ச்சியில் ஒரு தாத்தா போன் செய்து, “ஆத்துல தண்ணி வந்துட்சி, இனிமே ஜோக்க மாத்துங்கடா” என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

ஏன் ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துக்கினு’ என்றெல்லாம் பேச விடுகிறீர்கள்? பிள்ளைகள் கெட்டுப்போகாதா?

பிள்ளைகள் வீட்டில் கேட்பதும் அதைத்தான். சமுதாய வானொலிக்கான அரசு விதிமுறையே முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் பேச்சு வழக்கிலும் நிகழ்ச்சி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பதும் விதி. வட ஆற்காட்டுப் பேச்சில் தமிழோடு உருதும் தெலுங்கும் கலந்துதான் ஓடும். ஒர்க்‌ஷாப்பில் அது இன்னும் அதிகம். ஒரு மெக்கானிக்கை மேடைத் தமிழில் பேசச் சொன்னால் அவருக்குத் தெரிந்ததில் பாதி வெளியே வராது.

காலைச் செய்தி ஏன் சொல்வதில்லை? விளம்பரம் வருகிறதே, தனியார் ஸ்டேஷனா?

சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை அனுமதி உண்டு. 2024-க்கு முன் அது 7 நிமிடமாக இருந்தது. லாபத்துக்கு நடத்துவது இல்லை.

குடியாத்தத்தில் எடுக்கவில்லை. ஆம்பூரில் சுத்தமாக எடுக்கவில்லை. டவரை உயர்த்தக் கூடாதா?

கூடாது, அதற்கு அளவு இருக்கிறது. சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் கதிர்வீச்சு சக்தி, ஆன்டெனா உயரம் 30 மீட்டர், அவ்வளவுதான் அனுமதி. சமதரையில் 10 முதல் 15 கிலோமீட்டர் போகும். எஃப்.எம். அலை நேர்கோட்டில் பயணிக்கிறது, எதிரே மலை வந்தால் பின்னால் நிழல் விழும். வேலூரைச் சுற்றி மலையாக நிற்கிறது. மலையடிவாரத்தில் ஒரு தெருவில் தெளிவாகக் கேட்கும், அடுத்த தெருவில் இரைச்சலாக இருக்கும். மொட்டை மாடியில் ரேடியோவை வைத்துப் பாருங்கள். ஆன்டெனா கம்பியை முழுதாக நீட்டுங்கள். செல்போனில் எஃப்.எம். கேட்பவர்கள் இயர்போன் செருகியே ஆக வேண்டும், அதன் ஒயர்தான் ஆன்டெனா.

பழைய கார் வீட்டைத் தாண்டினால் என் தாத்தாவின் ரேடியோ கர்ர்ரென்று கத்தும். ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ரேடியோவும் காரும் ஒரே புள்ளியில் சேரும் இடம்.

பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு முறை பிளக்கில் தீப்பொறி விழும்போதும் அந்தப் பொறி ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். உலகத்தின் முதல் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களே தீப்பொறியால்தான் வேலை செய்தன. பொறியிலிருந்து கிளம்பும் அலை பிளக் ஒயர் வழியாக வெளியே பரவுகிறது. மீடியம் வேவ் ரேடியோ, அலையின் உயரம் ஏறி இறங்குவதைப் படித்துத்தான் சத்தமாக மாற்றுகிறது. அதனால் வெளியிலிருந்து வரும் பொறியும் சத்தமாகவே விழுகிறது. எஃப்.எம். ரேடியோ, அலையின் அதிர்வெண் மாறுவதைப் படிக்கிறது, உயரம் ஏறி இறங்குவதைத் தள்ளிவிடுகிறது. அதனால் இரைச்சல் மிகக் குறைவு.

அந்தக் காலத்தில் இலங்கை வானொலியைக் காரில் கேட்க ஆசைப்பட்டவர்கள் பிளக்குக்கு சப்ரஸர் (இந்த இரைச்சலை அடக்கும் சின்னப் பாகம்) போட்டுத்தான் கேட்டார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பாலாற்றுப் பாலத்தோரம் வண்டியை நிறுத்தி, ஒரு பாட்டு முடிந்த பிறகு கிளம்பியவர்களும் உண்டு.

எந்தக் காரை ‘கிளாசிக்’ என்கிறீர்கள்? என் மாருதி 800 சேருமா?

எங்கள் நிகழ்ச்சியில் சேரும். 1983 டிசம்பரில் வந்த வண்டி, முதல் வரிசைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. நாங்கள் வயதைவிட, அந்த வண்டிக்கு இந்த மாவட்டத்தில் கதை இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

அதிகம் வருவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950களின் கடைசியில் வந்தது, 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நிற்கும்வரை உருவம் பெரிதாக மாறவில்லை. அடுத்தது பத்மினி. ஃபியட் 1100-இன் உடம்பு, 1089 சி.சி. எஞ்சின், பம்பாய் குர்லாவில் செய்தது. ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்க் கம்பி இரண்டிலும் உண்டு, அதனால் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கல்யாணத்துக்குப் போகும்போது நான்கு பேர்.

ஆனால் நான் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசுவது ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்காக. அது நம்ம ஊர்க் கார். சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்தது. தொடக்கத்தில் 948 சி.சி. எஞ்சின். அதன் பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமும் எழுந்து வரும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், குனிய வேண்டாம். இடுப்பு வலிக்காமல் ரிப்பேர் பார்த்த ஒரே கார் அதுதான் என்று பாய் சொல்வார். மூலக் கார் இங்கிலாந்தில் இரண்டு கதவோடு வந்தது. நான்கு கதவு வைத்தது இந்தியாவில்தான். அம்பாசிடரைப் பற்றிப் பேச நாடு முழுக்க ஆள் இருக்கிறது. ஹெரால்டைப் பற்றி நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949-லிருந்து ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றதும் பலருக்குத் தெரியாது. அதுதான் பின்னால் லாரி, பஸ் செய்யும் அசோக் லேலண்ட் ஆனது.

கத்திரி வெயிலில் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து தானாக ஸ்டார்ட் ஆகிறது. பேயா?

பெட்ரோல் ஆவியாவதுதான். பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கும். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, அதைக் காற்றோடு கலக்கும் கார்ப்ரேட்டருக்குத் தள்ளும். வேலூரில் வெயில் 100 டிகிரியைத் தாண்டிய நாளில், கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் பானெட்டுக்குள் சூடு ஏறி, குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை உறிஞ்ச முயன்று தோற்றுப்போகும். ஆறியதும் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும், வண்டி கிளம்பிவிடும்.

ஓரமாக நிறுத்துங்கள், பானெட்டைத் திறந்து வையுங்கள், பெட்ரோல் பம்ப் மீதும் குழாய் மீதும் ஈரத்துணி போடுங்கள். சூடான எஞ்சின் பிளாக்கின் மேல் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், இரும்பு விரிசல் விடும். ரேடியேட்டர் மூடியையும் சூட்டோடு திறக்காதீர்கள். எங்கள் விருந்தாளி ஒருவரின் முன்கையில் அந்தத் தழும்பு ஐம்பது வருஷமாக இருக்கிறது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் உரசிப் போகிறதா என்று பார்த்துத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

அம்பாசிடரில் ஏலகிரி ஏறலாமா?

தாராளமாக. பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு முன் ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள், பிற்பாடு ஏ.சி. பொருத்திய வண்டி என்றால் அதை அணைத்துவிடுங்கள். பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடாகிப் பிடிப்பு போய்விடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வண்டியை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்குவது உயிரோடு விளையாடுவது.

பங்க்கில் எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய வண்டி தாங்குமா?

2025-இல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்துவிட்டது. பழைய வண்டிக்கு அதில் மூன்று தொல்லை. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் (பம்புக்குள் அசையும் மெல்லிய தகடு) ஊறவைத்துப் பிளக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இரும்பு டேங்க் உள்ளே துரு பிடிக்கும். கார்ப்ரேட்டர் பழைய கணக்கிலேயே பெட்ரோல் விட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும்.

முதல் வேலையாக எத்தனால் தாங்கும் குழாயையும் டயாஃப்ரத்தையும் மாற்றுங்கள். அதிகச் செலவு இல்லை, இதைத் தள்ளிப்போட வேண்டாம். குழாய் கசிந்து சூடான எஞ்சினில் சொட்டினால் தீப்பிடிக்கும். கார்ப்ரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைக் கொஞ்சம் கூட்டி டியூன் செய்யச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தாதீர்கள்.

டெல்லி மாதிரி இங்கேயும் பழைய காரை ஒழித்துவிடுவார்களா? வி.ஏ. என்று நம்பர் பிளேட் தருகிறார்களாமே?

பத்து, பதினைந்து வருஷக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. இங்கே சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்ததும் வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கி ஆர்.சி.யைப் (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. கட்டணத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுப் போங்கள், சமீபத்தில் நிறைய ஏறியிருக்கிறது.

வி.ஏ. என்பது 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேசிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000. நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. வரும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

அதில் ஒரு பிடி இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. வின்டேஜ் என்று பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ரத்தினகிரி போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவே உங்களுக்கு நல்லது. ஓடாத கார் சீக்கிரம் கெடும் என்பது என் அபிப்பிராயம் மட்டும் அல்ல, வந்த மெக்கானிக் ஒவ்வொருவரும் சொன்னது.

விற்க இருக்கும் பழைய காரை நிகழ்ச்சியில் அறிவிப்பீர்களா?

மாட்டோம். விலை பேச ஆரம்பித்தால் கதை நின்றுவிடுகிறது.

தாத்தாவின் பத்மினி பன்னிரண்டு வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. பேட்டரி மாற்றி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

பொறுங்கள், சாவியைத் தொடாதீர்கள். ஆசையில் ஒரே செல்ஃபில் எடுக்கப் பார்த்து எஞ்சினைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் பானெட்டைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள். எலி கடித்த ஒயரில் பேட்டரியை மாட்டினால் புகைதான் வரும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும், முழுக்க இறக்கிவிட்டு டேங்கைக் கழுவச் சொல்லுங்கள். ஆயிலை மாற்றுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் மெல்ல விடும். அப்புறம் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டாப் கியரில் போட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எஞ்சின் சுற்றினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். சுற்றாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம், இன்னும் இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிளக்குக்குப் பொறியை நேரத்துக்கு அனுப்பும் பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், துரு படிந்திருக்கும். ரப்பர் குழாய் எல்லாம் புதுசு போடுங்கள்.

எஞ்சின் ஓடினாலும் வண்டியை நகர்த்தாதீர்கள். பிரேக் ஆயில் தண்ணீராகியிருக்கும், வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பன்னிரண்டு வருஷ ரப்பர். மூன்றையும் சரிசெய்த பிறகுதான் தெருவுக்கு வர வேண்டும்.

சாவியைத் திருப்பப் போகும் நாளை மட்டும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். அந்த முதல் சத்தத்தைப் பிடிக்க மைக்கோடு வருகிறோம், ஓசூரில் பாய்க்கும் போன் போட்டு வைக்கிறோம். வீட்டில் தாத்தாவின் வண்டியில் பள்ளிக்கூடம் போனவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் ஷெட்டுக்கு வரச் சொல்லுங்கள்.